பக்கப்பட்டை: நிரல் அறியாதார்க்கு ஓர் அமைப்புப் பாடம்

பழைய ஏட்டுச்சுவடி ஒன்றைக் கையிலெடுத்து நோக்கிய மாணவர், அதன் இடப்புற ஓரத்தில் ஏட்டின் எண்ணும், சிற்சில சுவடிகளிற் படலத்தின் பெயரும் சிறிதாக எழுதப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். நடுவே நூல் ஓடும். ஓரம் அந்நூலுக்கு வழி சொல்லும். சொற்களுக்கிடையே வெளியின்றியும் புள்ளியின்றியும் எழுதப்பட்ட அவ்வேடுகளில் ஓரக்குறிப்பும் இல்லையாயின், கட்டவிழ்ந்த சுவடியை மீளக் கோத்தல் அரிது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவிப் பின்னர்ச் சந்தி பிரித்தும் நிறுத்தக்குறியிட்டும் நூல்களை வெளியிட்டபோது, நூலின் பொருள் மாறவில்லை. பக்கத்தின் அமைப்பே மாறிற்று. அவ்வளவில் படிப்பாரின் இடர் பெரிதும் குறைந்தது.

இணையத்தளத்துக்கும் அத்தகைய ஓரம் உண்டு. கட்டுரையோ செய்தியோ நிற்கும் அகன்ற பத்தியின் வலப்புறத்தில் அல்லது இடப்புறத்தில், பிற பக்கங்களுக்கு வழிகாட்டியும் அண்மைச் செய்திகளின் தலைப்புகளைத் தாங்கியும் நிற்கும் ஒடுங்கிய பத்தியைப் பக்கப்பட்டை என்பர். அதனை அமைக்குமாற்றையே இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என வினவுவார் உளர். தீவகத்தார்க்கு இஃது இன்றியமையாத வேலையாயிற்று என்பதே எம் விடை.

1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு முதலிய ஊர்களிலிருந்து பெயர்ந்த குடும்பங்களிற் பல இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் வாழ்கின்றன. ஊர்ப்பற்று மிக்க அவ்வன்பர்கள் தத்தம் ஊருக்கும் படித்த பாடசாலைக்கும் இணையத்தளங்களை ஏற்படுத்தினர். பெரும்பாலும் நிகழ்வது இது: அங்குள்ள பழைய மாணவர் ஒருவர் தம் பணத்தைச் செலவிட்டு, நிரல் எழுதத் தெரிந்த ஒருவரைக்கொண்டு தளத்தைச் செய்விப்பார். சில ஆண்டுகளில் அவருக்கு வேறு பொறுப்புகள் வந்து சேரும். அதன்பின் ஒரு விளையாட்டுப் போட்டியின் படமும் முன்னாள் அதிபரின் வாழ்த்துச் செய்தியும் முகப்பில் உறைந்து நின்றுவிடும். இங்குள்ள ஆசிரியர்களோ, தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்சி அதனைத் தொடமாட்டார்கள்.

இவ்வச்சம் இக்காலத்துக்கு ஏற்றதன்று. பிளாகர் என்னும் கருவி 2006ஆம் ஆண்டிலேயே பக்கத்தின் உறுப்புகளைச் சுட்டியால் இழுத்து இடம்மாற்றும் வசதியைத் தந்தது. வேர்ட்பிரஸ் 2007இல் பக்கப்பட்டைக்குரிய விட்ஜெட்டுகளைத் தன்னுள்ளே சேர்த்துக்கொண்டது. 2018இன் இறுதியில் எழுத்தையும் படத்தையும் தனித்தனிக் கட்டங்களாக வைக்கும் முறைக்கு வந்தது. 2022 சனவரி தொடக்கம் தலைப்பகுதி, அடிப்பகுதி உட்பட முழுப் பக்கத்தையும் அம்முறையாலேயே அமைக்க இடந்தந்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஈயம் வார்க்கக் கற்றிருக்க வேண்டியதில்லை. எழுத்தை எடுத்து வைக்கத் தெரிந்தாற் போதும். இதுவும் அத்தகையதே.

பிளாகரில் வேலை மிக எளிது. உள்நுழைந்தபின் தளவமைப்பு என்னும் பகுதியைத் திறந்தால், நம் பக்கம் பெட்டி பெட்டியாக வரையப்பட்ட வரைபடம்போலத் தோன்றும். பக்கப்பட்டைக்குரிய இடத்திற் புதிய உறுப்பைச் சேர்க்கும் இணைப்பை அழுத்தினால், தேடுபெட்டி, பழைய பதிவுகள், இணைப்புப் பட்டியல், படம், வெறும் உரை என ஒரு வரிசை வரும். வேண்டியதைத் தெரிந்து, தலைப்பிட்டுச் சேமிக்க வேண்டும். மேலது கீழே வேண்டுமாயின் பெட்டியைப் பிடித்திழுத்து விடலாம். இவ்வளவே.

வேர்ட்பிரஸில் ஒரு குழப்பம் உண்டு; அதனை முன்னரே அறிந்துகொள்ளாதவர் அரைநாளை வீணாக்குவர். அதன் தீம்கள் இருவகைப்படும். பழைய வகையிலே, தோற்றம் என்னும் பட்டியலுள் விட்ஜெட்டுகள் என்ற பிரிவு இருக்கும். பக்கப்பட்டை அங்கேதான் அமைக்கப்படும். கட்டங்களால் ஆகிய புதிய வகையில் அப்பிரிவு பொதுவாகக் காணப்படாது. அதனைத் தேடியலைந்து, தளம் பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்தவர்களை நாம் அறிவோம். புதிய வகையில் தோற்றத்தின்கீழ் உள்ள எடிட்டரைத் திறந்து, பத்திகள் என்னும் கட்டத்தைப் பக்கத்தில் இட்டு, மூன்றிலிரண்டு பங்கு ஒரு பத்திக்கும் மூன்றிலொரு பங்கு மற்றதற்குமாகப் பிரித்தால் ஒடுங்கிய பத்தியே பக்கப்பட்டையாகும்.

நிற்க. செய்முறை இவ்வளவுதான், நாம் இடர்ப்பட்டது வேறோரிடத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைத் தளமொன்றை அமைக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பெரிய கணினித் திரையின் முன்னமர்ந்து அழகிய பக்கப்பட்டை ஒன்றை வலப்புறத்தில் அமைத்தோம். மேலே சரசுவதி படம், அதன்கீழ் நாட்காட்டி, அதன்கீழ்ச் சிவப்பெழுத்தில் அவசர அறிவித்தல். வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பின்னர் ஒருநாள், சோளகக் காற்றினாற் படகு ஓடாதென அறிந்து, மறுநாட் கருத்தரங்கைப் பிற்போட்டு, அச்செய்தியைச் சிவப்பெழுத்தில் இட்டோம். மறுநாட் காலையில் நெடுந்தீவு மாணவர் சிலர் புத்தகப் பையுடன் இறங்குதுறையிற் காத்து நின்றனர் என்பது மாலையிலேயே எமக்குத் தெரிந்தது. “தளத்தைப் பார்க்கவில்லையா?” என்று சற்றுக் கடிந்தே வினவினோம். மாணவி ஒருத்தி தன் தமையனாரின் கைத்தொலைபேசியை நீட்டி, “பார்த்தோம், சேர். அதில் அப்படியொன்றும் இல்லை” என்றாள்.

வாங்கிப் பார்த்தோம். இல்லைத்தான். விரலாற் கீழே தள்ளித் தள்ளி, பரிசளிப்பு விழா அறிக்கை முதலாக எட்டு நீண்ட கட்டுரைகளைக் கடந்தபின், பக்கத்தின் அடியிலே சரசுவதி தோன்றினாள். அவளுக்குங் கீழே நாட்காட்டி. அதற்குங் கீழே எம் அவசர அறிவித்தல். பிழை மாணவரதன்று, எமது.

காரணம் எளியது. கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் இரு பத்திகள் அருகருகே நிற்க இடமில்லை. ஆதலின் தளம் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். வேர்ட்பிரஸின் பத்திக் கட்டம் 781 படப்புள்ளி அகலமும் அதற்குக் குறைந்ததுமான திரைகளில் இங்ஙனம் அடுக்குகின்றது. இடப்பத்தி மேலேயும் வலப்பத்தி கீழேயும் வரும். அவ்வாறாயின் பக்கப்பட்டையை இடப்புறம் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். வைத்தும் பார்த்தோம். கட்டுரை படிக்க வந்தவர் நாட்காட்டியையும் நன்கொடையாளர் பட்டியலையும் கடந்து செல்ல நேர்ந்தது. பிளாகரின் பழைய தீம்களில் நிலைமை இன்னும் மோசம்: அவற்றின் கைத்தொலைபேசித் தோற்றத்தில், பக்கப்பட்டையிற் சேர்த்த உறுப்புகள் பெரும்பாலும் தோன்றுவதேயில்லை.

ஆகவே நம் தளத்துக்கு வாசகர் இருவகையினர் என்பதை உணர்தல் வேண்டும். ரொறன்ரோவில் அகன்ற திரையில் ஆறுதலாகப் படிக்கும் பழைய மாணவர் ஒருவர். குறிகட்டுவான் துறையிற் படகுக்கு நின்றுகொண்டு, தமையனின் தொலைபேசியிற் பார்க்கும் மாணவி மற்றொருவர். பாராட்டுக் கடிதம் எழுதுபவர் முன்னவர். ஆயினும் தளத்தை நம்பி ஒரு காரியம் செய்பவள் பின்னவளே. பக்கப்பட்டையில் எதை வைப்பது என்னும் வினாவுக்கு, அவள் காணாவிட்டாலும் கேடில்லாததை மட்டும் வைக்க என்பதே நாம் கண்ட விடை. பழைய மலர்களுக்கான இணைப்பு, பிரிவுகளின் பட்டியல், சங்கத்தின் முகவரி என்பன அங்கே நிற்கலாம். படகு, பரீட்சை, ஆனி மாதத்து நயினை நாகபூசணி அம்மன் மகோற்சவத்தையொட்டிய நேரமாற்றம் ஆகியன முகப்பின் மேலே, முதற்கட்டுரைக்கும் முன்னே வருதல் வேண்டும். வேர்ட்பிரஸில் ஒரு பதிவை உச்சியில் ஒட்டிவைக்கும் வசதி இதற்கெனவே உள்ளது. பழைய தீம்களில் அமைப்பைத் திருத்தும் திரையின் அடியில், கணினி, பலகைக்கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சிறு படங்கள் உண்டு. மூன்றாவதை அழுத்திப் பாராமல் எதனையும் வெளியிடற்க.

வருகையாளர் எண்ணி, ஓடும் எழுத்து, உலக நாடுகளின் மணிக்கூடுகள், திறந்தவுடன் தானே ஒலிக்கும் பாட்டு ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்வது! மரண அறிவித்தல்களை நாம் குறைகூறோம். பிரிந்து வாழும் ஊராருக்கு அவை வேண்டியவை. ஏனையவை இணைப்பு நலிந்த தீவுகளிற் பக்கம் திறக்கும் நேரத்தை நீட்டுவதன்றி வேறொன்றும் செய்யா. படங்களும் அவ்வாறே. ஒளிப்படக்கருவியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல், பக்கப்பட்டைக்காயின் 400 படப்புள்ளி அளவு அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் அங்கே தெளிவு குறையாது. பழைய மலர்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பட்டையில் தொங்கவிடுவோரும் உளர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் பல சேர்க்கப்பட்டுள்ளன. அங்கே ஓர் இணைப்புக் கொடுத்தாற் போதும்.

இனித் தமிழாசிரியர் வேலைக்கு வருவோம். ஒடுங்கிய பத்தி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பகை. நம் மொழியில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டுவன. புணர்ச்சியாற் சொற்கள் மேலும் நீள்வன. ‘அறிவித்தல்களுக்கான ஆவணக்காப்பகம்’ என்னும் தலைப்பு மூன்றிலொரு பங்கு அகலத்தில் அடங்காது. வரி முறியும், அல்லது கரையைத் தாண்டி வழியும். ‘பழையன’ என்றால் என்ன குறை? ‘அண்மையில் வெளியிடப்பட்ட பதிவுகள்’ என்பதற்குப் ‘புதியன’ எனலாம். ‘எம்மைத் தொடர்புகொள்வதற்கு’ என்பதற்குத் ‘தொடர்பு’ எனலாம். பக்கப்பட்டையின் உரையை இருபுறமும் சமன்செய்தலும் ஆகாது. சொற்களுக்கிடையே பல் விழுந்த வாய்போல இடைவெளி தோன்றும். இடப்புறம் மட்டும் நேராக விடுக. தலைப்புகளைச் சுருக்கும் இப்பயிற்சியை உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை கொடுத்தோம். எமக்குத் தோன்றாத நல்ல சொற்கள் சில அவர்களிடமிருந்து வந்தன.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். நம் பாடசாலைகளிற் பல ஆண்டுகளாகத் தட்டெழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் அவ்வெழுத்துருவில் உள்ளன. அவற்றை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலே தோன்றும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. ஒருங்குறியோ தமிழெழுத்துகளுக்குத் தனி இடம் வகுத்தது. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் சரியாக வந்தனவா என்று ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

இவை யாவற்றுக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பிளாகரில் தீம் என்னும் பகுதியில் அதன் பிரதியொன்றைக் கணினிக்கு இறக்கி வைக்கும் வசதி இருக்கின்றது; அமைப்பு கெட்டால் அதனை மீள ஏற்றலாம். வேர்ட்பிரஸில் எழுதிய யாவற்றையும் ஏற்றுமதி செய்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளலாம். தளத்தின் பெயருக்குரிய ஆண்டுக் கட்டணம் எவர் பெயரில் உள்ளது, கடவுச்சொல் எவரிடம் உள்ளது, அவருக்கு அடுத்தவர் யார் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, அதிபரின் அலுமாரியில் வைத்தல் வேண்டும். வெளிநாட்டு அன்பர்கள் இதனை அவநம்பிக்கை என்று கருதலாகாது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் கேட்கிறோமல்லவா?

எம் தளத்திற் படகு அறிவித்தல் இப்பொழுது முகப்பின் உச்சியில் மூன்று வரியில் நிற்கின்றது. சரசுவதி படம் பட்டையிலேயே இருக்கிறது. நேற்றைய அறிவித்தலை இன்று காலையில் அகற்றும் வேலை மட்டும் நாள்தோறும் மிஞ்சுகின்றது. அதனைப் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் முறைவைத்துச் செய்து வருகின்றனர்.