ட்ரெய்லர் ஓடும் சாலையில் என்ன உடுத்திச் சைக்கிள் ஓட்டுவது?

ரோடு பைக் வாங்கிய முதல் வாரத்திலேயே அறிவுரைகள் குவிந்துவிடும். என்ன உடுத்துவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. அவற்றில் பல, குளிர்நாட்டு மலைச்சாலைகளுக்காகச் சொல்லப்பட்டவை. சில, ஞாயிறு காலை ஈசிஆருக்குப் பொருந்தும். வடசென்னையின் ராயபுரத்தில் கிளம்பி காசிமேடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் போகிறவருக்கு நிலைமை வேறு. வலப்பக்கம் கடலின் ஈரக்காற்று, இடப்பக்கம் ஆலைகள், நடுவே துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காக வரிசை கட்டும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள். இந்தச் சாலைக்கு உடை வாங்கும்போது அழகும் வேகமும் பின்னால் வரட்டும். தொடை இடுக்குத் தோல் புண்ணாகக் கூடாது; லாரி டிரைவரின் கண்ணில் நாம் பட்டாக வேண்டும். இவை இரண்டும்தான் முதலில்.

“எங்கப்பா கைலிய மடிச்சுக் கட்டிக்கினு முப்பது வருஷம் சைக்கிள்ல வேலைக்குப் போனாரு. உனக்கு மட்டும் இன்னா தனி ட்ரெஸ்சு?” புதிதாக ஓட்டத் தொடங்கும் யாரும் இந்தப் பகுதியில் இதைக் கேட்காமல் தப்ப முடியாது. கேட்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், விம்கோ என்று ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்த தலைமுறைக்குத் தனி உடை தேவைப்படவில்லை. அவர்களுடைய சைக்கிளில் நிமிர்ந்து உட்காரலாம். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட், நிதானமான மிதி, வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே சில கிலோமீட்டர். ரோடு பைக்கிலோ உடல் முன்னால் சாய்கிறது, சீட் குறுகலாகவும் கடினமாகவும் இருக்கிறது, கால் நிமிடத்துக்கு எண்பது சுற்று சுற்றுகிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு தொடையும் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை சீட்டின் ஓரத்தை உரசும். கைலியின் மடிப்பும் ஜீன்ஸின் தடித்த நடுத்தையலும் சரியாக அந்த இடத்தில்தான் வருகின்றன.

ஆகவே அரை மணி நேரத்தில் முடியும் ஓட்டத்துக்கு வீட்டில் இருக்கும் அரைக்கால் சட்டையே போதும். யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதைத் தாண்டிப் போகத் தொடங்கியதும் முதலில் வாங்க வேண்டியது பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்.

பேட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு சுகம் என்பது அடுத்த நம்பிக்கை. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்று இருப்பதே நல்லது என்று தோன்றும். சாலையில் கதை மாறிவிடும். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள். பஞ்சு மிகவும் மென்மையாக இருந்தால் அந்த எலும்புகள் உள்ளே அமிழ்ந்துபோகும். நடுவில் இருக்கும் மென்தசையும் நரம்புகளும் அழுத்தம் வாங்கும். மரத்துப் போவது அதனால்தான். கொஞ்சம் கெட்டியான, ஓரங்களில் மெலிந்து முடியும், நடுவில் தையல் ஓடாத பேட் நல்லது. போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். குனிந்து, ஹேண்டில் பாரைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பாருங்கள். துணியில் எங்கும் சுருக்கம் விழக் கூடாது, தொடையில் எலாஸ்டிக் வெட்டக் கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீட்டின் உயரமோ சாய்வோ தவறாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷார்ட்ஸும் வலியைத் தீர்க்காது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

இந்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. சொன்னால் பலர் நம்புவதில்லை, கூச்சப்படுகிறார்கள், சுத்தமில்லை என்று நினைக்கிறார்கள். பேட் நேரடியாகத் தோலில் படுவதற்காகத் தைக்கப்பட்டது. உள்ளே போடும் ஜட்டி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் தையல் இடுக்கில் அறுக்கும். ஒரு காலத்தில் இந்தப் பேட் ஆட்டுத் தோலில் செய்யப்பட்டது. அது காய்ந்து விறைத்துவிடும் என்பதால் க்ரீம் தடவி இளக்கினார்கள். இன்றைய செயற்கைப் பேட்டுக்கு அந்தத் தேவை இல்லை. நீண்ட தூரம் போகிறவர்கள் உராய்வைக் குறைக்கத் தடவிக்கொள்ளலாம், தொடக்கக்காரருக்கு அது கட்டாயம் இல்லை. வாசலின் தடவினால் துணியிலிருந்து அது லேசில் போகாது.

“நம்ம வெயிலுக்குக் காட்டன்தான் சரி. பாலியஸ்டர் போட்டா வேகும்.” வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது முழு உண்மை. மிதிப்பவருக்கு இல்லை. வேர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும். அதே ஒரு லிட்டர் சொட்டிக் கீழே விழுந்தால் பயன் எதுவும் இல்லை. நம் கடலோரத்தில் மழைக்காலக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஏற்கெனவே ஈரமான காற்று வேர்வையை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்த நிலையில் பருத்தி டீ-ஷர்ட் நனைந்து, கனத்து, முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பருத்தி இழை சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டர் இழை வைத்திருப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. மெல்லிய, கண்கண்ணாய் நெய்த பாலியஸ்டர் ஜெர்சியில் வேர்வை துணியின் மேற்பரப்பில் பரவி, ஓடும் வேகத்தில் வரும் காற்றில் சீக்கிரம் உலர்கிறது.

அதற்காக எந்தப் பாலியஸ்டரும் சரி என்று ஆகிவிடாது. தடித்த, காற்றுப் புகாத துணி பருத்தியைவிட மோசம். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் தாராளமாக வந்தால் வாங்கலாம். திருப்பூரிலும் சென்னையிலும் தைக்கப்படும், பெயர் தெரியாத கால்பந்து ஜெர்சிகளில் பல இந்தச் சோதனையில் தேறும். பெரிய பிராண்டின் முத்திரை தேவையே இல்லை. சைக்கிள் ஜெர்சியின் உண்மையான கூடுதல் வசதி முதுகுப் பக்கத்துப் பைகளும், குனியும்போது இடுப்பு தெரியாத நீளமும்தான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெயிலை இழுக்கும், ஆகவே ஷார்ட்ஸும் வெள்ளையாக இருக்கட்டும் என்பார்கள். பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தளர்ந்த அங்கிக்குள் காற்று ஓடுவதால் தோலுக்குச் சேரும் வெப்பத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. நம் சைக்கிள் உடை உடலோடு ஒட்டியது என்பதால் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மேலே வெளிர் நிறம் நல்லதுதான். ஆனால் வெள்ளை ஷார்ட்ஸ் வேர்வையில் நனைந்தால் உள்ளே தெரியும். செயின் எண்ணெயும் கரித்தூளும் படிந்தால் போகாது. கீழே கறுப்பே இருக்கட்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட் வெயிலிலிருந்து காக்கும் என்பதும் பாதி உண்மையே. நனைந்துவிட்டால் புற ஊதாக் கதிர் இன்னும் அதிகமாக ஊடுருவும். எட்டு மணிக்குப் பிறகும் சாலையில் இருப்பவருக்கு, டூ-வீலர்காரர்கள் போடும் ஆர்ம் ஸ்லீவ் மலிவான, நல்ல தீர்வு.

முகத்தில் பஃப் எனும் குழல் துணியைக் கட்டினால் தூசி உள்ளே போகாது என்ற நம்பிக்கைதான் இந்தப் பக்கத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்குக் கொஞ்சம் விடிவு, எண்ணூருக்குக் கூடுதல் சுமை. அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலைப் புகை, லாரிகளின் டீசல் புகை எல்லாம் சேர்ந்த காற்று இது. இதில் நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களை மெல்லிய துணி தடுக்காது. பஃப் மணலையும் பூச்சியையும் வெயிலையும் தடுக்கும், அவ்வளவுதான். என்95 முகக்கவசம் துகளை வடிகட்டும், ஆனால் மூச்சு வாங்க மிதிக்கும்போது அதைப் போட்டுக்கொள்வது கடினம். வேர்வையில் நனைந்தால் இன்னும் கடினம். இந்தச் சிக்கலுக்கு உடையில் விடை கிடையாது. லாரி நெரிசல் குறைந்த நேரத்தில் ஓட்டுவதும், புகை கக்கும் வண்டியின் பின்னால் ஒட்டிப் போகாமல் இருப்பதும் கொஞ்சம் உதவும். கண்ணுக்கு மட்டும் உடனே பயன்படுவது ஒன்று உண்டு: நிறமில்லாத கண்ணாடி. விடியற்காலையில் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள், சாலைப் பள்ளம் தெரியாது.

இனி லாரிகள். “பளிச்சுனு ஃப்ளோரசென்ட் ஜாக்கெட் போட்டா போதும், லாரிக்காரன் பாத்துப்பான்.” பகலில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ 6,800 சைக்கிள்காரர்களை வைத்து ஓராண்டு நடந்த ஒரு சோதனையில், பளிச்சிடும் மஞ்சள் ஜாக்கெட் அணிந்தவர்கள் பிறரோடு மோதிக் காயமடைவது கணிசமாகக் குறைந்தது. ஆனால் அந்த மஞ்சள் பளிச்சிடுவது சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிவிடுவதால். சூரியன் இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பும் பெரும்பாலும் போய்விடும். நம்மில் பலர் கிளம்புவது விடியலுக்கு முன். அப்போது வேலை செய்வது, வெளிச்சம் பட்டால் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிநிற ரிஃப்ளெக்டர் பட்டை.

இந்தப் பட்டைக்கும் ஒரு குறை உண்டு, அது நம் சாலைக்கே உரிய குறை. ஒளி எந்த விளக்கிலிருந்து வந்ததோ அதை நோக்கித்தான் திரும்புகிறது. கார் ஓட்டுபவரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, ஆகவே அவருக்குப் பட்டை பிரகாசமாகத் தெரியும். ட்ரெய்லர் டிரைவர் ஹெட்லைட்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். திரும்பும் ஒளியில் பெரும்பகுதி அவர் கண்ணுக்குக் கீழேயே போய்விடும். அவர் அருகில் வர வர இந்த இழப்பு கூடுகிறது. ஆகவே தானாக ஒளிவிடும் சிவப்புப் பின்விளக்கு இல்லாமல் இருட்டில் இந்தச் சாலைக்கு வரவே கூடாது. எந்த உடையும் அதற்கு மாற்று இல்லை.

ரிஃப்ளெக்டர் பட்டையை எங்கே கட்டுவது என்பதிலும் தவறு நடக்கிறது. முதுகில் இருக்கும் பட்டை அசைவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சாலையோரத் தூணா, நின்றிருக்கும் வண்டியா, மனிதனா என்று தெரியாது. கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த அசைவிலிருந்தே மிதிக்கும் மனிதன் என்று மூளை கண்டுகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் இரவுச் சாலையில் டிரைவர்களை வைத்து நடத்திய சோதனைகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. தாங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிகிறோம் என்பதைச் சைக்கிள்காரர்கள் மிகைப்படுத்தி நம்புகிறார்கள் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. வெல்க்ரோ வைத்த இரண்டு கணுக்கால் பட்டைகள் ஜெர்சியின் விலையில் சிறு பங்குதான். புது சைக்கிளோடு வரும் பெடல் ரிஃப்ளெக்டரை, அழகாக இல்லை என்று கழற்றிப் போடாதீர்கள்.

எந்த நிறத்துக்கும் பலன் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது: ட்ரெய்லரின் இடப்பக்கம். டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் இடது முன்மூலையும் பக்கவாட்டும் அவர் கண்ணுக்கு அதிகம் மறைகின்றன. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சைக்கிளுக்கு இடம் இருக்கிறதே என்று வரிசையில் நிற்கும் ட்ரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைந்து முன்னேறுகிறவர், தலை முதல் கால் வரை மஞ்சள் அணிந்திருந்தாலும் அந்த டிரைவரைப் பொறுத்தவரை அங்கே இல்லை. பின்னால் நில்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ தொடக்கத்தில் வேண்டாம். அடிப்பாகம் விறைப்பான சாதாரண ஷூ போதும், நாடாவை உள்ளே செருகிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கனமானது, காற்றோட்டம் இல்லாதது. சைக்கிள் ஹெல்மெட்டில் இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை ஆடம்பரம் இல்லை, விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனத்த மழைக்கோட்டு போட்டால் உள்ளேயே வேர்வையில் நனைவீர்கள். தொளதொள போன்சோ கூடவே கூடாது. கடந்து போகும் லாரியின் காற்று அதைப் பிடித்து இழுக்கும்.

பெண்களுக்கு இந்த உடை சரிப்படாது என்று சொல்பவர்கள் பாதி உடையைத்தான் பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் வரை நீளும் பேட் வைத்த டைட்ஸ் கிடைக்கிறது. மேலே நீளமான டீ-ஷர்ட்டோ குட்டைக் குர்தாவோ போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம், ஆகவே பேட்டின் வடிவமும் வேறு. கணவருடைய, அண்ணனுடைய ஷார்ட்ஸைப் போட்டுப் பார்த்து, சைக்கிளே ஒத்துவரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோள்பட்டை வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் நழுவாது, இடுப்பையும் அழுத்தாது. ஆனால் கழிப்பறைக்குப் போக மேல்சட்டையையும் கழற்ற வேண்டியிருக்கும். சுத்தமான கழிப்பறை எளிதில் கிடைக்காத இந்தச் சாலையில் இடுப்பு எலாஸ்டிக் வைத்ததே வசதி. துப்பட்டா மட்டும் வீட்டில் இருக்கட்டும், அது சக்கரக் கம்பியில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

கடைசி நம்பிக்கை: “நேத்து ஒரு மணி நேரம்தான் போட்டேன், இன்னிக்கும் அதையே போடலாம்.” ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்த பேட், பூஞ்சைக்கு நல்ல வளர்ப்பிடம். தொடை இடுக்கில் வரும் படர்தாமரை இந்தியாவில் இப்போது முன்போல எளிதில் குணமாவதில்லை. வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகைக்கு 2020இல் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டு க்ரீம் இரண்டு நாள் அரிப்பை அடக்கும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். அரிப்பு தொடங்கினால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் ஷார்ட்ஸைக் கழற்றிவிடுங்கள். அதோடு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காராதீர்கள். அன்றே சாதாரண சோப்புப் பொடியில் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைமேல் படிந்து வேர்வை பரவுவதைத் தடுக்கும். உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, நிழலில் காயப் போடுங்கள். சாம்பல் பறக்கும் பக்கம் வீடு இருந்தால் மொட்டைமாடிக் கொடியைத் தவிர்த்து, வீட்டுக்குள் ஃபேனடியில் போடுங்கள். நம் கடலோர ஈரத்தில் ஒரு நாளில் பேட் முழுக்கக் காயும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஜெர்சிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்பே இரண்டாவது ஷார்ட்ஸை வாங்கிவிடுங்கள்.