திராட்சைத் தோட்டம் வாங்குமுன்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் விலைக்கு வந்தால், வாங்க வருபவரைப் பழம் தொங்கும் நேரமாகப் பார்த்துத்தான் அழைப்பார்கள். பந்தலுக்கடியில் நின்று கருங்குலைகளைக் கண்டதும் அன்றே அச்சாரம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரு போகத்துக் காய்ப்பைக் கொண்டு தோட்டத்தின் ஆயுளைக் கணிக்க முடியாது. கிணற்றையும் வேரையும் பார்த்தே கணிக்க வேண்டும். ஆகவே கவாத்து முடிந்து பந்தல் வெறுமையாக இருக்கையில் ஒரு முறையும், கடுங்கோடையில் ஒரு முறையும் போய்ப் பார்ப்பது நலம்.

முதலில் தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பின் பார்த்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறாகவே தோன்றும். கோடையில் மோட்டாரை ஓடவிட்டு, எத்தனை மணி நேரத்தில் கிணறு வற்றுகிறது, மீண்டும் ஊற எவ்வளவு நேரமாகிறது என்று கூடவே இருந்து குறித்துக்கொள்ள வேண்டும். குழாய் முனையில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 40 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர் என்று கணக்கு. பந்தல் மூடிய கொடிகளுக்குக் கோடையில், சொட்டு நீர் முறையிலேயே, ஏக்கருக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 லிட்டர் தேவைப்படும். இரண்டு ஏக்கருக்கு அந்த மோட்டார் தினமும் இரண்டேகால் மணி நேரம் ஓடியாக வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே கிணறு வற்றிவிட்டால், அரைத் தோட்டத்துக்கு முழு விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

நீரின் உப்பையும் சோதிக்க வேண்டும். மோட்டார் கால் மணி நேரம் ஓடிய பின் சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 1 டெசி சைமனுக்குள் இருந்தால் திராட்சைக்குக் குறைவில்லை. 1.7 ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும், 2.7 ஆனால் கால் பங்கும் குறைய இடமுண்டு.

மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்தால் போதாது. மூன்றடிக் குழி வெட்டி, அடிக்கு ஒன்றாக மூன்று மாதிரிகளைத் தனித்தனியே எடுக்கவும். கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருப்பது உத்தமம். கீழே சுண்ணாம்புக் கல்லோ, நீர் இறங்காத களியோ தட்டுப்பட்டால் வேர் அதற்குக் கீழே போகாது.

குழி வெட்டுகிற கையோடு, நாலைந்து கொடிகளின் பக்கத்தில் மண்ணைப் பறித்து மெல்லிய வேர்களைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. “பழைய கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாம்” என்று தரகர் சொல்வார். கொடியைப் பிடுங்கினாலும் புழு மண்ணிலேயே இருக்கும்! டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கொடி உப்பையும் நூற்புழுவையும் ஓரளவு தாங்கும் என்பதால், கொடிகள் ஒட்டா, குச்சி நட்டதா என்று கேட்டறிவது அவசியம்.

கொடிகளை எண்ணவும் தயங்க வேண்டாம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் இருக்க வேண்டும். பந்தலில் சாய்ந்த கல்தூண், துருவேறிய கம்பி இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பத்திரங்களைப் பொறுத்தவரை 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல் ஆகியவற்றை வாங்கிப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. மூலப்பத்திரத்தை அசலாகவே காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் காட்டினால் அசல் எங்காவது அடமானத்தில் இருக்கக்கூடும். வாய்மொழிக் குத்தகையும், காய்மேல் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் வில்லங்கச் சான்றில் வராது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் மண்டியிலும் விசாரித்தால்தான் தெரியும். கிணறு கூட்டுக் கிணறானால் எத்தனையில் எத்தனை பங்கு, முறை எந்தக் கிழமை என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மோட்டார், மின் இணைப்பு எண், குழாய் செல்லும் தடம், வண்டிப்பாதை இவையும் அதில் வர வேண்டும். மின் இணைப்பு இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருப்பது கிராமங்களில் சகஜம். அப்படியானால் பெயர் மாற்றத்துக்கு வேண்டிய வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தைக் கிரயத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.