முழங்கை நோவும் மண்வெட்டியும்

பல வருடங்களாகப் பற்றை மூடிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கத் தொடங்கும் குடும்பங்களில், இரண்டாம் மூன்றாம் கிழமையில் ஒரு முறைப்பாடு எழுவதுண்டு. முழங்கையின் வெளிப்புறத்தில் நோ. மண்வெட்டிப் பிடியை இறுக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலும் சுள்ளென்கிறது. காணி இன்னும் விடுபடாமல் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது வருகிறது. கை ஓடாத நாளில் சம்பளமும் இல்லையாதலால் இதை அற்ப நோவென்று தள்ளிவிட முடியாது.

இதற்கு வழங்கும் பெயர் 'ரெனிஸ் முழங்கை'. 1880களில் இங்கிலாந்தில் ரெனிஸ் விளையாடியோரிடம் கண்டு இட்ட பெயர் அது. ஆனால் அதற்கு முன், 1873 இலேயே, ஜேர்மன் வைத்தியர் ஒருவர் எழுத்து வேலையால் வந்த இதே நோவை விபரித்திருந்தார். இந்நோ உள்ளவர்களில் பெரும்பாலோர் ரெனிஸ் மட்டையைத் தொட்டும் பாராதவர்கள். நாற்பது வயதை அண்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது.

இடது கையை வலது முன்கையின் மேற்புறத்தில் வைத்துக்கொண்டு, வலது கையை இறுகப் பொத்திப் பாருங்கள். தசை திரள்வது தெரியும். எதையாவது பற்றிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு உள்ளே மடங்காமல் தாங்குவது இத்தசைகளே. இவை முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் ஒரு தசைநாரினால் பிணைந்திருக்கின்றன. மண்வெட்டியின் ஒவ்வொரு கொத்தும் அந்தச் சிறிய இடத்தைத்தான் இழுக்கிறது.

தசைநார் வேலைக்கு ஏற்ப உரம் பெறும். ஆனால் ஆறுதலாகவே பெறும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ மாதக்கணக்கில் வேலையின்றி இருந்த கை, ஒரே கிழமையில் கால் ஏக்கர் கொத்தப் புறப்பட்டால் நார் ஈடுகொடுக்காது, அதன் இழைகள் சிதைகின்றன. முன்னர் இதை அழற்சி என்றே கருதினார்கள். 1979 இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இருவர், வெட்டியெடுத்த நாரை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அங்கே இருப்பது அழற்சியல்ல, ஒழுங்கு குலைந்த இழையமே என்று காட்டினார்கள். நோ மாத்திரை நோவை மறைக்குமேயன்றி இழையைத் திருத்தாது என்பது இதனால் விளங்கும்.

உங்கள் நோ இதுதானா என்று அறிய, முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, நடுவிரலை உயர்த்துங்கள். இன்னொருவர் அவ்விரலை மெதுவாகக் கீழே அமத்தட்டும். எலும்பு மேட்டில் நோ எழுந்தால் அநேகமாக இதுவே.

பலரும் ஊசியைத் தேடி ஓடுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் 198 பேரிடம் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஸ்ரெரொயிட் ஊசி ஆறாம் கிழமையில் நல்ல சுகம் கொடுத்தது உண்மை. ஆனால் அப்படிச் சுகம் கண்டவர்களில் 72 வீதமானோருக்கு நோ திரும்பி வந்தது. ஒரு வருட முடிவில், ஊசி போடாமல் பொறுத்திருந்தவர்கள் அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். விதைப்புக்கு முன் கை சரியாக வேண்டும் என்ற அவசரம் எமக்குப் புரிகிறது. ஆயினும் அறுவடைக்கும் அந்தக் கை வேண்டுமே.

கையை மாதக்கணக்கில் கட்டி வைப்பதும் பிழை. தசை மெலிந்து, நார் இன்னும் பலவீனமாகும். எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதால் கெடுதியில்லை. நோகும் இடத்தை அழுத்தி உருவ விடாதீர்கள்.

இயன்மருத்துவர்கள் தரும் முக்கிய சிகிச்சை பயிற்சிதான். அதற்கு ஒரு மேசையும் தண்ணீர்ப் போத்தலும் போதும். மேசை இல்லாவிட்டால் உங்கள் தொடையே மேசை. முன்கையை மேசையில் வைத்து, கை விளிம்புக்கு வெளியே நிற்க, உள்ளங்கை கீழ்நோக்கப் பொத்திக்கொள்ளுங்கள். மற்றக் கையால் புறங்கையைக் கீழே தள்ளுங்கள். நோகும் கை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். 30 செக்கன் வீதம் ஐந்து முறை. முதல் இரண்டு கிழமைக்கு இதுவே போதும்.

பின்னர், அரை லீற்றர் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு அதே நிலையில் பிடியுங்கள். மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே உயர்த்தி, உதவியை எடுத்துவிட்டு, ஐந்து வரை எண்ணியபடி மெல்லக் கீழே இறக்குங்கள். பத்து முறை செய்து சற்று ஆறி, இப்படி மூன்று தரம், நாளுக்கு ஒரு வேளை. இந்த மெதுவான இறக்கமே நாரை உரமாக்குகிறது. சிறிது நோகும், அது பரவாயில்லை. மறுநாள் காலையில் நோ கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். கூடாவிட்டால் இரு கிழமைக்கொருமுறை சிறிது கூட்டி ஒரு லீற்றர் வரை போகலாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும். நான்காம் நாளே கைவிடுகிறவர்கள் அநேகர்.

அதுவரை வேலையை நிறுத்த வேண்டியதில்லை, அளந்து செய்யுங்கள். இருபது நிமிடம் கொத்தினால் கைமாற்றி வேறு வேலை பாருங்கள். மெல்லிய பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றித் தடிப்பாக்கினால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. வாளியையும் சாக்கையும் உள்ளங்கை மேல்நோக்க, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தேங்காய் துருவுகிறவருக்கும் துணி பிழிகிறவருக்கும் இதே விதி. வீட்டில் அவருடைய நோவுக்குத்தான் கடைசியாக வைத்தியம் தேடப்படுகிறது.

விரல்கள் விறைத்தால், கை வலுவிழந்தால், முழங்கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால், விழுந்து அடிபட்ட பின் நோ தொடங்கினால் பயிற்சி வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். கையில் செல் துண்டோ பழைய காயமோ உள்ளவர்கள் தொடங்குமுன்பே காட்ட வேண்டும். கை நோவோடு நெஞ்சு இறுகினால் அது முழங்கை நோயல்ல; உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் துண்டு எழுதித் தந்தால், இயன்மருத்துவப் பிரிவில் இப்பயிற்சிகளைப் பணமின்றிக் காட்டித் தருவார்கள்.