சட்டமும் அயலானும்

சட்டத்தில் கையொப்பமிடுகிறவர் குடிகளின் மதத்தைப் பார்க்கலாமா? நம் நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்துச் செய்தியைக் கேளுங்கள்.

1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் விளம்பரம், கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது, தோள்சீலை கூடாதென்றது. அதே குலத்து இந்துச் சகோதரிக்கோ குப்பாயமும் இல்லை. மானம் காக்கவும் மதம் கேட்டது சட்டம்!

கலகங்களுக்குப்பின், 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா, எம்மதத்து நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று கட்டளையிட்டார். ஆயினும் மேல்சாதியாரைப்போல் உடுத்தலாகாது என்ற குறை நின்றது.

இதில் நமக்குள்ள பாடம் யாது? சர்வேசுரன் மனிதனுக்களித்த மாண்பு ஞானஸ்நானத்துக்கும் முந்தியது. ஆகையால் நமக்குமட்டும் நன்மை தரும் சட்டத்தில் மகிழாதீர்கள். “அயலானுக்கும் உண்டா?” என்று கேளுங்கள். வாக்களிக்கும்போதும் இதையே நினையுங்கள்.