பூட்டுப் போடுவதற்கு முன்னால்

கண்ணு,

ஆன்லைன் பயிற்சிப் பாடம் தயாரிக்கிற வேலையில் நீ சேர்ந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் போனில் கேட்டாய்: "அத்தை, பாதிப் பேர் ஆடியோவைக் கேக்கறதே இல்ல. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போயி சர்டிபிகேட் எடுத்துடறாங்க. தள்ளவே முடியாதபடி பூட்டிடலாமா?" அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கேசட்டில் பாடம் பதிந்து ஊர் ஊராக எடுத்துப்போன காலத்திலிருந்து இந்தக் கேள்வி என் கூடவே வருகிறது. நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். படித்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்.

1. முதலில் பூட்டக் கற்றுக்கொள். ஸ்டோரிலைன் மாதிரியான மென்பொருளில் ஆடியோ முடிகிறவரை நெக்ஸ்ட் பட்டனைச் செயல்படாமல் வைக்கலாம். முன்னால் இழுத்துவிடுகிற பட்டையை மறைத்துவிடலாம். மூடுல் தளத்தில், ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் என்று நிபந்தனை வைக்கலாம். வேறு பக்கத்துக்குத் தாவினால் குரல் தானாக நிற்கும்படியும் செய்யலாம். உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் கைவந்துவிடும். பூட்டத் தெரியாமல் திறந்து வைப்பது வேறு, தெரிந்து திறந்து வைப்பது வேறு. உனக்கு இரண்டாவது வாய்க்க வேண்டும்.

2. பூட்டிவிட்டால் கேட்பார்கள் என்று நம்பாதே. 2004இல் எஜுசாட் விண்ணுக்குப் போன பிறகு செயற்கைக்கோள் வழியாக வகுப்பு நடத்தும் வழக்கம் பரவியது. நேரடி ஒளிபரப்பில் யாரும் ஒரு விநாடியைக்கூடத் தாண்ட முடியாது. அப்படி ஒரு வகுப்பில் மண்டபத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மதிய சாப்பாடு முடிந்த நேரம். ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. பிறகு 2020 வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சியே திக்‌ஷா தளம் வழியாக வீட்டுக்கு வந்துவிட்ட வருடம். அந்தச் சமயத்தில் வேறொரு சின்னப் பயிற்சிக்கு நான் குரல் கொடுத்திருந்தேன், பூட்டும் போட்டிருந்தேன். தற்செயலாக ஒரு ஆசிரியை வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அரிசி டின்மேல் போன் கவிழ்ந்து கிடந்தது. சத்தம் முழுக்கக் குறைத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் என் பாடம்! என் குரல் யாருக்கும் கேட்காமல் ஓடி முடிந்துகொண்டிருந்தது. "தப்பா நினைக்காதீங்க டீச்சர், அது முடிஞ்சாத்தான் அடுத்தது தொறக்குது" என்றாள். கணினிக் கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு முடித்தவள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய 25 நிமிடத்தை நான் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக எதையும் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறைத்தது.

3. தள்ளிவிட்டுப் போகிறவர்மேல் எரிச்சல் வந்தால், அன்றைக்குப் பாடத்தைத் தொடாதே. எரிச்சலில் போடுகிற பூட்டு பாடத்துக்காகப் போட்டதாக இருக்காது, நம் கௌரவத்துக்காகப் போட்டதாகத்தான் இருக்கும். நான் பல வருடம் அப்படித்தான் போட்டேன்.

4. திரையில் எழுதியதையே வாயாலும் படிக்காதே. ஜனங்கள் ஆடியோவைத் தள்ளுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் பார்த்ததில்லை. கண் வேகமானது. நீ மூன்றாவது வரியைச் சொல்லும்போது அவர்கள் கடைசி வரியைப் படித்து முடித்திருப்பார்கள். மிச்ச நேரம் முழுக்கத் தண்டனை. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதைச் சோதனைகள் வைத்தே காட்டியிருக்கிறார்: படமும் குரலும் சேர்ந்தால் நன்றாக மனதில் பதிகிறது, அதே வாசகத்தை எழுத்தாகவும் அதன்மேல் ஏற்றினால் பதிவது குறைகிறது. திரையில் படம் இருக்கட்டும், ஒரு சொல் இருக்கட்டும். கதையைக் குரல் சொல்லட்டும். அப்போது குரலைத் தள்ளினால் பாடமே போய்விடும் என்று அவர்களுக்கே தெரியும்.

5. சுருக்கு. எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களில்தான் மனம் நின்றது. நம்முடைய பாடத்தில் வணக்கமும் வரவேற்பும் நோக்கங்களும் முடியவே ஆறு நிமிடம் ஆகிவிடுகிறது.

6. கேட்கிறவர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்று போய்ப் பார். இதை நான் தாமதமாகத்தான் செய்தேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கள ஊழியராக வேலை பார்க்கிற ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நாங்கள் கொடுத்த பாடத்தைத் திறக்க, வீட்டிலிருந்து மரவள்ளிக் காட்டு வழியாக ஏறி ஒரு பாறைக்குப் போக வேண்டும். அங்கேதான் டவர் கிடைக்கும். அன்றைக்கு நானும் கூடப் போனேன். போனை ஒரு அலுமினியக் குண்டானுக்குள் வைத்தாள். காற்றில் சத்தம் சிதறாமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழி. குனிந்து, ஒரு கையால் காதைக் குவித்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பதினான்காவது நிமிடத்தில் சிக்னல் போயிற்று. சிக்னல் திரும்பி வந்தபோது பாடம் முதலிலிருந்து ஆரம்பித்தது. நெக்ஸ்ட் பட்டன் சாம்பல் நிறத்தில் நின்றது. "இது மூணாவது தரம்" என்றாள். குரலில் குறை சொல்கிற தொனிகூட இல்லை. அந்தப் பூட்டை நான்தான் கேட்டு வாங்கிப் போடவைத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏமாற்றுகிறவரைத் தடுக்க நினைத்து, உண்மையாகக் கேட்கிறவளைத் தண்டித்துவிட்டேன். அலுமினியப் பாத்திரத்துக்குள்ளிருந்து வந்த என் குரல் இன்னும் சில ராத்திரிகளில் கேட்கிறது. ஆகையால் கண்ணு, பூட்டுகிற அன்றைக்கே இரண்டு காரியம் செய்: நின்ற இடம் நினைவில் இருக்க வேண்டும், பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

7. தெரிந்தவரை விட்டுவிடு. இருபது வருடம் பிரசவம் பார்த்த நர்ஸம்மாவைக் கைகழுவும் பாடத்தில் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பது மரியாதை இல்லை. முதலில் நான்கு கேள்வி கேள். சரியாகச் சொன்னால் கதவைத் திற. கேள்வியும் நடைமுறையில் வருகிற சங்கடத்தைப் பற்றி இருக்கட்டும்.

8. பூட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதில் தயங்காதே. நீ கருணாபுரத்தில் பிறந்தவள், உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் 18, 19. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் வீட்டுக்கு வீடு அழுகை. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மெத்தனால் உடனே தன்னைக் காட்டாது. குடித்தவருக்கு முதலில் சாதாரண போதை மாதிரித்தான் இருக்கும். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாற நேரம் எடுக்கும். அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, தலைவலி. கண்முன்னால் பனி மூடியதுபோல் மங்கும். மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று படுக்கவைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. நாளைக்கு ஊர் ஊழியர்களுக்கு இதைப் பற்றி நீ ஒரு பாடம் செய்கிறாய் என்று வைத்துக்கொள். மெத்தனாலின் வேதியியலை யாரும் தள்ளிவிட்டுப் போகட்டும். சட்டப் பிரிவுகளையும் தள்ளட்டும். "பார்வை மங்குது என்று சொன்னால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே, படுக்கவைக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்று சொல்கிற அந்த நாற்பது விநாடியைப் பூட்டு. ஏன் பூட்டியிருக்கிறாய் என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடு. காரணம் தெரிந்த காவலை நம் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் அப்படிப்பட்ட நாற்பது விநாடி எது என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலையில் பெரும்பங்கு. எல்லாவற்றையும் பூட்டுகிறவர் அந்தத் தேடலிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

9. காது கேளாதவரை மறக்காதே. குரலைக் கேட்டால்தான் கதவு திறக்கும் என்று வைத்தால், அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாய் என்று அர்த்தம். எழுத்து வடிவம் தனியாக ஒரு தட்டலில் கிடைக்கட்டும். மூன்று விநாடிக்கு மேல் தானாக ஓடுகிற ஆடியோவை நிறுத்தவோ அதன் சத்தத்தைத் தனியாகக் குறைக்கவோ வசதி இருந்தே ஆக வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் நெறிகளே சொல்கின்றன. தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கிறவளுக்கும் அது உதவும்.

10. குரல் கொடுக்கும்போது ஓர் ஆளை நினைத்துக்கொள். நான் மைக் முன்னால் "பங்கேற்பாளர்களே" என்று ஆரம்பித்த காலமெல்லாம் வீண். பாறைமேல் குனிந்திருந்தவளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என் பேச்சு மாறியது. வாக்கியம் சின்னதாயிற்று. நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்தேன்.

11. வெளியிடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கு. கள்ளக்குறிச்சியில் மலைக்குப் போகிற பஸ் ஏறு. உன் ஆபீஸ் லேப்டாப் வேண்டாம், விலை குறைந்த ஒரு போனை எடுத்துக்கொள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, நீ போட்ட பூட்டோடு உன் பாடத்தை முழுக்க நீயே கேள். பிறகு அந்தச் சிற்றூருக்குப் போ. அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். என் பெயரைச் சொன்னால் சாமைச் சோறு போடாமல் அனுப்பமாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவளோடு பாறைக்கு ஏறி, போனை அவள் கையில் கொடு. எந்த இடத்தில் அவள் விரல் பட்டனைத் தேடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வா.