மீன் தொட்டி வியாபாரம்: மீனுக்கு முன் தண்ணீரைப் படியுங்கள்

புதுக்குடியிருப்பில் பேன்சிக் கடை நடத்தும் இளைஞர் ஒருவர், கடையின் ஓரத்தில் நாலைந்து கண்ணாடித் தொட்டிகளை வைத்து அலங்கார மீன் விற்பனையையும் ஆரம்பித்திருந்தார். கொழும்புப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "நானா, கடையில மீன் நல்லா நிக்குது. வாங்கிக்கொண்டு போறவர் வீட்டில மூன்றாம் நாள் செத்துப்போகுது. பிறகு அந்த மனுசன் ஒரு பென்சில் வாங்கக்கூட என்ர கடைக்கு வாறதில்லை."

இதில் போனது ஒரு சோடி மீனின் விலை மட்டுமல்ல. தொட்டி, கல், காற்றுப் பம்பி, தீன் என்று அந்த வாடிக்கையாளர் அடுத்த ஐந்து வருடம் வாங்கக்கூடிய அனைத்தும் போய்விட்டது. "நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்ற பேர் வேறு. ஆனால் மீனுக்கு நோய் இல்லை, பிழை தண்ணீரில்தான் இருந்தது. ஆகவே இந்த வாரம் மீனைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றியே எழுதுகிறேன்.

அலங்கார மீன் நம் நாட்டுக்குப் புதிய தொழிலல்ல. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் எமது நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி முன்னணியில் நிற்கிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட, நெக்டா என அழைக்கப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இத்துறைக்கும் பொறுப்பாக இருக்கிறது. எனினும் பண்ணைகளில் பெரும்பாலானவை தெற்கிலும் மேற்கிலும் உள்ளன. வன்னிக் கடைக்காரர் மீனை அங்கிருந்துதான் எடுக்கிறார். சிக்கல் அங்கேயே ஆரம்பமாகிறது.

கொழும்பின் குழாய் நீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. அது மென்னீர், சவர்க்காரம் போட்டால் உடனே நுரைக்கும். புதுக்குடியிருப்பில் பல வீடுகளில் "குழாய்த் தண்ணீர்" என்று சொல்வது, சொந்தக் கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு மேல் தாங்கிக்கு ஏற்றிய நீரைத்தான். உலர் வலயத்து நிலத்தடி நீர் பொதுவாக வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. நந்திக்கடலை அண்டிய பக்கங்களில் கோடை முற்றும்போது உவரும் சேர்ந்துகொள்ளும். ஆக, ஏ35 வீதியால் மீன் வந்து இறங்கும்போது ஊர் மட்டுமல்ல, அது மூச்சுவிடும் நீரும் மாறிவிடுகிறது.

முதலில் குளோரினைப் பார்ப்போம். நீர் வழங்கல் சபையின் குழாய் நீர் கிடைக்கும் வாடிக்கையாளருக்கு இதுவே முதல் எதிரி. கிருமி மீண்டும் சேராதிருக்க, குழாய் முனையிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவான நியதி. மனிதனுக்கு அது பாதுகாப்பு. மீனோ அந்த நீரைச் செவுளால் நேரே இரத்தத்தோடு உரசவிடுகிறது. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு கூடச் செவுளை எரிக்கப் போதும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பார்ப்பவர் பசி என்று நினைத்துத் தீன் போடுவார்.

இதற்குச் செலவில்லாத வழி, அகன்ற வாளியில் நீரை எடுத்து, திறந்தபடி ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை விடுவதுதான். காற்றுப் பம்பியை ஓடவிட்டால் இன்னும் விரைவாகப் போய்விடும். மூடி போட்ட பரலில் வைத்துவிட்டு "இரண்டு நாள் வைத்தேனே" என்பவர்கள் உண்டு. அதில் பயன் குறைவு.

அவசரத்துக்கு சோடியம் தயோசல்பேற்று இருக்கிறது. பழைய ஸ்ரூடியோக்காரர்களுக்கு இதைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருட்டறையில் படத்தை நிலைப்படுத்தப் பாவித்த அதே "ஹைப்போ" பளிங்குதான். ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் ஹைப்போ வேண்டும். கடைக்காரர் கணக்கில் சொன்னால், 10 கிராம் ஹைப்போவைக் கரைத்து 100 மில்லிலீற்றர் கரைசலாக்கினால் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 100 மில்லிகிராம் இருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 50 லீற்றர் நீர் நிற்கும். அதற்கு 4 மில்லிலீற்றர் விட்டால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் முறிந்துவிடும். சற்றுக் கூடினாலும் தீங்கில்லை.

இப்போது வியாபாரக் கண்ணோடு பாருங்கள். ஒரு கிலோ ஹைப்போவில் 10 லீற்றர் கரைசல், அதாவது 100 மில்லிலீற்றர் போத்தல்கள் நூறு. ஒரு போத்தல் 25 தடவை தொட்டி நிரப்பப் போதும். வெளிநாட்டு லேபல் ஒட்டிய சிறு போத்தலுக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். நிறமுள்ள போத்தலில் அடைத்து, கலந்த திகதியையும் அளவையும் எழுதி விற்கலாம். கரைசல் நாட்பட வலுவிழக்கும் என்பதால் திகதியை மறைக்கக் கூடாது. பண்டத்தின் குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.

லண்டன், டொரன்டோவிலுள்ள உறவினர் "தண்ணியை ஒரு நாள் வைத்தாலும் சரிவராது" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அவர்களது நகரங்களில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்த குளோரமைன் பாவிக்கிறார்கள். அது இலகுவில் ஆவியாகாது. ஹைப்போவால் முறித்தாலும் அமோனியா எஞ்சி நிற்கும். அங்குள்ள மருந்துகள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை.

"எங்களுடையது கிணற்று நீர், குளோரின் பயமில்லை" என்று புதுக்குடியிருப்பில் ஒருவர் சொன்னால் அது பாதி உண்மை. வெள்ளத்தில் கிணறு மூழ்கினால் இறைத்துச் சுத்தம் செய்து, நாம் ரி.சி.எல். என்று சொல்லும் வெளிற்றும் தூளை இடுவது வழமை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அப்படித் தூளிட்ட கிணற்றில் குளோரின் குழாய் நீரைவிடப் பல மடங்கு இருக்கலாம். மேலே சொன்ன 4 மில்லிலீற்றர் கணக்கு அங்கே செல்லாது. மாரி காலத்தில் மீன் வாங்க வருபவரிடம் முதல் கேள்வியாக "கிணற்றுக்கு மருந்து போட்டதா?" என்று கேளுங்கள். போட்டிருந்தால் சோதனைத் துளியாலோ தாளாலோ பார்த்து, நிறம் காட்டாமல் போகும்வரை அந்த நீர் தொட்டிக்கு வேண்டாம்.

கிணற்று நீரில் இன்னொரு விடயம். நிலத்துக்குள்ளிருந்து வரும் நீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு அதிகம். இறைத்த உடனே அளந்தால் பி.எச். குறைவாகக் காட்டும், ஒரு நாள் காற்றூட்டினால் வாயு வெளியேறி பி.எச். ஏறிவிடும். இந்த ஏற்றம் மீன் உள்ளே இருக்கும்போது நடக்கக் கூடாது. எனவே கிணற்று நீரையும் ஒரு நாள் பம்பி போட்டு வைக்க வேண்டும். செம்மஞ்சள் கறை விடும் இரும்பு நீருக்கும் இதே வைத்தியந்தான். இரும்பு படிந்த பின் மேல் நீரை மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது வன்மை. இதில்தான் கடைக்காரரின் கெட்டித்தனம் இருக்கிறது. வன்னீரை மென்னீராக்க மருந்து தேடி அலைவதைவிட, வன்னீரில் வாழும் மீனை விற்பது இலாபம். கப்பி, மொலி, பிளாற்றி, சோட்ரெயில் நான்குக்கும் வன்னீர் பிடிக்கும். மொலி இலேசான உவரையும் தாங்கும். கோல்ட் ஃபிஷும் சமாளிக்கும். நியோன் ரெட்ராவும் டிஸ்கஸும் அமேசன் பக்கத்து மென்னீர் மீன்கள். பார்க்க அழகு என்று அவற்றை இறக்கினால், அழகைக் கண்டு வாங்குகிற வாடிக்கையாளரையும் சேர்த்து இழக்கிறீர்கள். புதுக்குடியிருப்பில் கடை போடுபவர் முதல் வருடம் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டாயம் மென்மையாக்கத்தான் வேண்டுமென்றால் கலப்பதே வழி. சிறுநீரக நோய்ப் பிரச்சினையின் பின் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. அந்த நீரில் தாதுப்புக்கள் அநேகமாக இல்லை. தனியே பாவித்தால் பி.எச். நிலைக்காது. லீற்றருக்கு 400 மில்லிகிராம் வன்மையுள்ள கிணற்று நீரோடு சம அளவு கலந்தால் வன்மை ஏறக்குறைய 200 ஆகும். மழைநீரும் இதே வேலையைச் செய்யும், கூரையைக் கழுவிய முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். புதிய சீமெந்துத் தாங்கியில் பிடித்த மழைநீரை நம்பவும் வேண்டாம். சுண்ணாம்பு கசிந்து பி.எச். மிக உயரும். அத்தகைய தாங்கியை வாழைக்குற்றித் துண்டுகளோடு நீர் நிரப்பி, பல தடவை மாற்றிக் கழுவிய பின்னரே பாவிக்கலாம்.

மூன்றாம் நாள் மரணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைத் தொட்டி பழையது. அதன் கல்லிலும் வடியிலும், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் குடியிருக்கின்றன. வாடிக்கையாளரின் தொட்டி புதியது, அங்கே யாருமில்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். வன்னீரில் இது இன்னும் ஆபத்து. பி.எச். 7 இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவின் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. ஆகவே புதுத் தொட்டிக்காரருக்கு ஒரே நாளில் இருபது மீன் விற்பது கைநிறைந்த வியாபாரம் போலத் தெரிந்தாலும் நட்டந்தான். நாலு கப்பியும், உங்கள் பழைய தொட்டிக் கல்லில் ஒரு பிடியும் கொடுங்கள். அந்தக் கல் இலவசம். அதில்தான் பக்றீரியா போகிறது. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு நீரை மாத்திரம், ஆறவைத்த நீரால் மாற்றச் சொல்லுங்கள். முழுத் தொட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவும் பழக்கத்தைக் கட்டாயம் நிறுத்தச் செய்ய வேண்டும்.

கடைக்குச் சரக்கு இறக்கும் விதமும் முக்கியம். பல மணி நேரம் பொலித்தீன் பையில் வந்த மீன் விட்ட மூச்சினால் பை நீரின் பி.எச். இறங்கியிருக்கும், கழிவினால் அமோனியா ஏறியிருக்கும். பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து உயர்ந்த பி.எச். உள்ள கிணற்று நீரைக் கலந்ததும் அது நஞ்சாக எழும். எனவே திறக்காத பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் பை நீரில் பாதியை ஊற்றிவிட்டு, தொட்டி நீரை அரை மணி நேரத்துக்குள் கோப்பை கோப்பையாகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

இறக்கும் தொட்டியைத் தனியாக வைப்பது நல்லது. முதல் நாள் அதில் பாதி மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர், பாதி கிணற்று நீர். பிறகு ஒவ்வொரு நாளும் சிறிது எடுத்துவிட்டுக் கிணற்று நீரைச் சேர்த்துவர, ஒரு வாரத்தில் மீன் ஊர்த் தண்ணீருக்குப் பழகிவிடும். அந்த ஒரு வாரம் முதல் முடங்கிக் கிடப்பதாக நினைக்க வேண்டாம். நோயுள்ளது, வலுவற்றது எது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அதன் பின் கடை முகப்பில் "எங்கள் கிணற்று நீருக்குப் பழகிய மீன்" என்று எழுதி வைக்கலாம். கொழும்பிலிருந்து நேரே இறக்கி விற்பவர் அப்படி எழுத முடியாது. விலையில் பத்து இருபது ரூபாய் கூட வைத்தாலும் காரணம் கேட்பவருக்குச் சொல்லப் பதில் இருக்கும்.