தெப்பம் ஏறும் பேருந்து

தென்னமெரிக்க நாடான பொலிவியாவில், லா பாஸ் நகரத்திலிருந்து டிட்டிகாக்கா ஏரிக்கரையில் அமைந்துள்ள கோபகபானா என்னும் சிற்றூருக்குச் செல்லும் பேருந்துகள், பாதி வழியைக் கடந்தபின் பயணிகள் அனைவரையும் இறக்கிவிடுகின்றன. பேருந்து பழுதுபட்டதால் அன்று. அதற்குமேல் சாலை இல்லை.

கோபகபானா ஒரு தீபகற்பத்தில் உள்ளது. அத்தீபகற்பத்தின் நிலத்தொடர்பு முழுவதும் அண்டை நாடான பெருவுடன்தான். ஆகவே, தன் நாட்டின் ஓர் ஊருக்குத் தரைவழியே செல்ல விரும்பும் பொலிவியர், அயல்நாட்டு எல்லையை இருமுறை கடக்க வேண்டும். அல்லது நீரைக் கடக்க வேண்டும்.

கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் கிடக்கும் லா பாஸிலிருந்து பேருந்து முதலில் மேல்நோக்கி ஏறுகிறது. விளிம்பில் உள்ள எல் ஆல்ட்டோ நகரம் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரியும் பீடபூமியில் மரங்கள் அரிது. கிழக்கே பனிமலைகள் உடன்வருகின்றன. ஏரியின் மட்டமே ஏறத்தாழ 3,800 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பதால், புதியவர்க்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாகும். அவர்களுக்குக் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். (கோக்கா வேறு, நாம் பருகும் கொக்கோ வேறு.)

சுமார் 8,300 சதுர கிலோமீட்டர் பரந்த அவ்வேரியின் பெரும்பகுதியையும் சிறுபகுதியையும் இணைப்பது திக்கினா நீரிணை. குறுகிய இடத்தில் அதன் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பயணிகள் சிறிய விசைப்படகில் ஏறுகின்றனர். பேருந்தோ, மூட்டைமுடிச்சுகளோடு, பலகைகளால் ஆன தட்டையான மரத்தெப்பத்தில் மெல்ல இறங்குகிறது. தெப்பம் ஒருபுறம் சாய்ந்து நிமிர்கிறது. படகோட்டி நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறார். பிறகு பின்புறத்துச் சிறு இயந்திரம் அதை இழுத்துச் செல்கிறது. தாம் வந்த பேருந்து ஏரி நடுவே அசைந்து வருவதைக் கரையில் நின்று பார்ப்பது, பொருள்களை உள்ளே விட்டுவந்தவர்க்கு அத்துணை இனிய காட்சியன்று!

இவ்வேரி வேறொரு விந்தையையும் கண்டது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘யாவாரி’ என்னும் நீராவிக் கப்பல், துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறி, பெருவின் கரையில் ஒன்றிணைக்கப்பட்டு, 1870இல் நீரில் விடப்பட்டது. இன்னொரு புதுமை, 1879இல் தொடங்கிய போரில் கடற்கரையை இழந்த பொலிவியா இன்றும் கடற்படை வைத்திருப்பது. திக்கினாவிலும் அதற்குத் தளம் உண்டு.

நீரிணையின் மேல் பாலம் கட்டலாம் என்னும் பேச்சு நெடுநாளாக எழுகிறது. நோயாளியை ஏற்றிவரும் ஊர்தியும் தெப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அவ்வேண்டுகோள் நியாயமானதே. ஆயினும் படகோட்டிகள் எதிர்க்கின்றனர். இருகரைச் சிற்றூர்களிலும் பல குடும்பங்கள் அக்கடத்தலை நம்பி உண்கின்றன; பாலம் வந்தால் ஊர்திகள் நில்லாமல் போய்விடும். இதைக் குறுகிய எண்ணம் என்று தள்ளுவது, சோற்றுக்கு வேறு வழி உள்ளவர்க்கே எளிது.

அக்கரையிலிருந்து வளைந்து செல்லும் மலைச்சாலை கோபகபானாவில் இறங்குகிறது. பிரேசிலின் புகழ்பெற்ற கடற்கரை பெயர் பெற்றது இவ்வூரிலிருந்தே. இங்குள்ள வெண்ணிறப் பேராலயத்தின் மாதா சிலையைச் செதுக்கியவர், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தித்தோ யுபாங்கி என்னும் மண்ணின் மைந்தர். ஆலயத்தின் முன்னே, பூமாலையும் வண்ணத்தாளும் சூட்டிய ஊர்திகள் அருளாசி வேண்டி வரிசையில் நிற்கின்றன. லா பாஸிலிருந்து வந்தவை திரும்பும்போது மீண்டும் அதே தெப்பத்தில் ஏற வேண்டும்.